மூன்றாவது கோர்வை

போன வாரம் பெரியவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள் அல்லவா, பசியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வீட்டில் எல்லோரும் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானதே அதனால்தான்.

விஷயம் இதுதான். பெரியவள், அந்த வீட்டு மூத்த மருமகள், இசைக்குழுவின் முதல் வயலின். முதல் நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் இருக்கிற வயலின்கள் எல்லாவற்றுக்கும் வில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்கிறவள். அந்த வீட்டுச் சின்ன மருமகளும் வயலின்தான். ஆனால் பெரியவள் மோவாயில் இடுக்கிக்கொண்டு, தாளைப் பார்த்து வாசிப்பாள். சின்னவள் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி வாசிப்பாள்.

கிழக்கையும் மேற்கையும் ஒரே மேடையில் உட்கார வைக்கிறேன் என்று குழுவின் நடத்துநர் கிளம்பினார். நடத்துநர் என்றால் டிக்கெட் கொடுப்பவர் இல்லை, குச்சி ஆட்டுகிறவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தாடி என்றுதான் சொல்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு தினுசும் இருப்பது தெரிந்ததும் தாடிக்கு வாயெல்லாம் பல். முதலில் பெரியவளுக்கென்று ஒரு முழுப் பக்கம் தனி வாசிப்பு எழுதியிருந்தார். போன வாரம் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் அதை எட்டு பாராகச் சுருக்கிவிட்டதாகச் சொன்னார். பார் என்பது தாளில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிற இடம். எட்டு பார் வாசித்து முடிப்பதற்குள் ஒருவர் மூக்கைச் சிந்தி முடித்துவிடலாம். மிச்ச இடம் முழுக்கச் சின்னவளுக்கு. மேஜையைச் சுற்றி எல்லோரும் கை தட்டினார்கள்.

இன்று கச்சேரி.

காலையிலிருந்தே சின்னவளின் அறையில் வயலின் கேட்டுக்கொண்டிருந்தது. அவளை வீட்டில் எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் வேலை பார்க்கிற சின்ன மகன் கல்யாணமான புதிதில் வைத்த பெயர். அவன் கப்பலேறிப் போன பிறகும் பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது, தாடிவரை பரவியும்விட்டது.

அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாட வராது. ஆனால் கச்சேரி கேட்டுக் கேட்டே பழுத்தவள், தாளத்தில் ஒரு மயிரிழை தப்பினாலும் முகத்தைச் சுளிப்பாள். இப்போது முகம் சுளிக்கவில்லை. தொடையில் தாளம் போட்டபடி உலகத்தையே மறந்திருந்தாள்.

பெரியவள் கூடத்தில் கறுப்பு உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் வாசிக்கும்போது மாமியார் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கதவைச் சாத்திக்கோம்மா, டிவி சத்தம் கேக்கல." திட்டிச் சொன்னதில்லை, சாதாரணமாகத்தான் சொல்வாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் கணவன் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவன், வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டான். அன்றைக்கென்று திறந்தான்.

"வாண்டு என்னமா வாசிக்கிறா பாரேன். எனக்கே புல்லரிக்குது."

"உங்களுக்கு சங்கீதம் என்ன தெரியும்?"

"தெரியாதவனுக்கே புல்லரிக்குதுன்னா பாத்துக்கோ."

இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது. இந்த மனிதருக்கு நம் வாசிப்பில் ஒரு நாளாவது புல்லரித்திருக்குமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கொட்டாவி விட்டதுதான் நினைவுக்கு வந்தது.

அவளுக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வானேன். தனக்குப் பொறாமை என்று அவளுக்கே தெரியும். அதைச் சின்னவள் மேல் காட்ட ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு காரணமும் கொடுக்கவில்லை. வாய் நிறைய அக்கா என்றாள், பாத்திரம் கழுவினாள், கேட்காமலே துணி மடித்து வைத்தாள். நல்லவள்மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு வேதனை கிடையாது, திட்டி ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை.

மத்தியானம் அரங்கத்தில் கடைசி ஒத்திகை. மேடையில் நாற்காலிகள் அரை வட்டமாகப் போட்டிருந்தன. அதற்கெல்லாம் முன்னால், தாடி நிற்கிற இடத்துக்கு இடது பக்கம், கம்பளம் விரித்த ஒரு சின்னப் பலகை மேடை. அது வாண்டுவுக்கும் மிருதங்கக்காரருக்கும். பெரியவளின் நாற்காலிக்கு நேர் முன்னால். கை நீட்டினால் சின்னவளின் பின்னலைத் தொட்டுவிடலாம்.

தினமும் வாசிக்கும்முன் சுருதி சேர்ப்பது ஒரு சடங்கு. பெரியவள் எழுந்து நிற்பாள், ஓபோ என்கிற குழல் வாசிக்கிறவரைப் பார்ப்பாள், அவர் ஒரு ஸ்வரம் ஊதுவார், எழுபது பேரும் அதற்குச் சேர்ப்பார்கள். இன்றைக்கும் எழுந்து நின்றாள்.

"இருங்க மேடம்," என்றார் தாடி. "இன்னிக்கு ஓபோ வேண்டாம். வாண்டு பஞ்சமத்தை இழுக்கட்டும். எல்லாரும் அதுக்கே சேருங்க. கேக்கறவங்களுக்கு ஆரம்பத்துலயே புரியணும் இல்ல."

வாண்டு கண்ணை மூடிப் பஞ்சமத்தை இழுத்தாள். எழுபது வாத்தியமும் அவளுக்குச் சேர்ந்தன. பெரியவளும் முறுக்காணியைத் திருகி, சேர்த்துக்கொண்டு, உட்கார்ந்தாள். எதற்கு எழுந்து நின்றோம் என்று இருந்தது.

அவளுக்கு இன்று மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று, அந்த எட்டு பார். இன்னொன்று, ஒரு தலையசைப்பு.

தலையசைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நடுவில் குழு முழுவதும் நிறுத்திவிடும், சின்னவள் தன் மனம்போல் ஸ்வரம் வாசிப்பாள். தாடியின் தாளில் அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அவர் வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர்தான், ஆனால் கோடு போட்ட தாள் இல்லையென்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி. வாண்டு எப்போது முடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அவளோ கண்ணை மூடியிருப்பாள், அவருக்கு முதுகு காட்டி. மிருதங்கக்காரருக்குக் கை ஒழியாது.

முடிக்கும்போது அவள் ஒரு கோர்வை வாசிப்பாள். கோர்வை என்றால் கணக்காகக் கட்டி வைத்த ஸ்வரக் கொத்து. அதை மூன்று முறை வாசித்து, பல்லவியின் முதல் எழுத்தில் போய் உட்காரவேண்டும். அந்த இடத்தில் எழுபது பேரின் வாசிப்பும் ஒன்றாக எழவேண்டும். மூன்றாவது கோர்வையின் கடைசி இழுப்பில் பெரியவள் தலையசைப்பாள், தாடி குச்சியைத் தூக்குவார். பெரியவள் பன்னிரண்டு வயதுவரை தரையில் உட்கார்ந்து வாசித்தவள். அப்புறம்தான் நாற்காலிக்கு மாறினாள். அந்த மேடையில் இரண்டு பக்கமும் தெரிந்த கழுத்து அவளுடையது ஒன்றுதான்.

ஒத்திகையில் எல்லாம் கச்சிதமாக வந்தது. தலையசைத்தாள், குச்சி எழுந்தது, குழு எழுந்தது.

"மேடம், நீங்க ஆட்டலேன்னா நாங்க எல்லாரும் அம்போதான்," என்று தாடி சிரித்தார்.

இடைவேளையில் வாண்டு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லு."

"அந்தக் கோர்வை வரைக்கும்தான் என்கிட்ட சரக்கு இருக்கு. அதுக்கு மேல கையில ஒண்ணும் இல்ல. மேடையில இத்தனை பேர் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து காத்துட்டிருக்காங்கன்னு நெனச்சாலே எனக்கு எல்லாம் மறந்து போகுது. மூணாவது தடவை முடிச்சதும் நீங்க எல்லாரையும் கொண்டு வந்துடுவீங்கன்னு ஒரே தைரியத்துலதான் வாசிக்கிறேன்."

"கொண்டு வராம எங்க போறேன்," என்றாள் பெரியவள். அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. மாமியாரும் பல் டாக்டரும் முன் வரிசை. ஓபோ வாய் மூடியிருக்க, சின்னவளின் பஞ்சமத்துக்கு எல்லோரும் சுருதி சேர்த்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு ஆஹா வந்தது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் பகுதி நன்றாகவே போயிற்று. பிறகு அவளுடைய எட்டு பார் வந்தது. தாளில் எழுதியிருந்ததைவிட அழகாகவே வாசித்தாள், அதில் சந்தேகமில்லை. ஓரக்கண்ணால் முன் வரிசையைப் பார்த்தாள். மாமியார் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கணவன் பக்கத்து இருக்கைக்காரரிடம் பலகை மேடையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். எட்டு பார் முடிந்தே போனது.

குழு நிறுத்தியது. சின்னவள் ஸ்வரத்தில் இறங்கினாள்.

உடனே மாமியார் பையை மூடினாள். கை தொடைக்கு வந்தது. பல் டாக்டர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தான். எங்கே பிடிக்கிறான் என்று பெரியவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சின்னவளை மட்டும் பிடிக்கச் சற்று இடது பக்கம் நகர்ந்துகொண்டான். இவளையும் சேர்த்துப் பிடிக்க நகரவே வேண்டியதில்லை, அப்படியே இருந்தாலே போதும்.

பெரியவள் பார்வையை முன்னாலிருந்த பின்னல்மேல் திருப்பிக்கொண்டாள்.

முதல் கோர்வை. மிருதங்கக்காரர் கூடவே ஓடி வந்தார். இரண்டாவது கோர்வை. தாடி பெரியவளைப் பார்த்தார், குச்சி இடுப்பளவில் தயாராக இருந்தது. மூன்றாவது கோர்வை. ஒரு பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. கடைசி இழுப்பு.

பெரியவள் தலையசைக்கவில்லை.

திட்டம் போட்டுச் செய்தாளா என்று கேட்டால் இல்லை. மறந்தாளா என்றால் அதுவும் இல்லை. கழுத்தை அசைக்கவேண்டிய அந்தக் கணம் வந்தது, இதோ என்று தெரிந்தது, நிற்கட்டுமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

சின்னவள் பல்லவியின் முதல் எழுத்தில் சரியாக வந்து உட்கார்ந்தாள். கூட ஒருவரும் வரவில்லை. பின்னால் எழுபது பேர் வில்லை மடியில் வைத்தபடி இருந்தார்கள். மிருதங்கக்காரர் சமாளிக்க ஒரு ஆவர்த்தனம் வாசித்துப் பார்த்தார், பிறகு அவரும் கையை எடுத்துவிட்டார். யாரோ இருமினார்கள். சின்னவள் கண்ணைத் திறந்து, கழுத்தைத் திருப்பி, அக்காவைப் பார்த்தாள்.

சந்தைக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி ஒரு பார்வை. பெரியவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மனதுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் ஓடியது. இப்போது எடுங்கள் படம்.

சின்னவள் திரும்பிக்கொண்டாள். வில்லைக் கீழ்த் தந்தியில் வைத்து, ஷட்ஜத்தை மட்டும் இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். வேறு ஒன்றும் தெரியாதவள் போல அந்த ஒரே ஸ்வரத்தில் நின்றாள். பிறகு அதிலிருந்து மெல்ல ஒரு படி இறங்கினாள்.

அதற்கப்புறம் அவள் வாசித்தது அந்த வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில் திறந்த கதவுக்குள் கேட்டதெல்லாம் சாதகம். இது அவளுக்கே தெரியாமல் அவளிடம் இருந்தது. தாளம் இல்லை, வேகம் இல்லை. ராகம் அரங்கத்தின் கடைசி வரிசைவரை போய், அங்கே இருந்தவர்களையும் எழுப்பிக்கொண்டு வந்தது. செல்லோ வாசிக்கிற பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

இப்போது பெரியவளுக்குப் பதறியது. போதும், நிறுத்திவிடலாம், தலையை ஆட்டித் தொலைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் எந்த இடத்தில் ஆட்டுவது? தாளமே இல்லாத வெட்டவெளியில் எழுபது பேரை எழுப்பினால் ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். முதல் வயலினின் மானம்தான் முதலில் போகும். தானே பூட்டிய அறையில் தானே மாட்டிக்கொண்டாள். தப்பிக்க வழியில்லாமல், பின்னலுக்கு ஒரு முழம் பின்னால் உட்கார்ந்து, முழுக்கவும் கேட்டாள்.

நன்றாக இருந்தது. தன்னால் இப்படி ஒரு நாளும் முடியாது என்பது தெரிகிற அளவுக்கு நன்றாக இருந்தது. அந்த வலி பொறாமையில்தான் சேர்த்தியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் கலங்கியது, அதற்கும் சின்னவள்மேல்தான் கோபம் வந்தது.

மெல்ல மெல்ல மிருதங்கம் சேர்ந்துகொண்டது. சின்னவள் மறுபடி ஒரு கோர்வைக்கு வந்தாள். இது கட்டி வைத்தது இல்லை, அங்கேயே பிறந்தது. முதல் முறை. இரண்டாவது முறை. மூன்றாவது முறையின் கடைசி இழுப்பில் பெரியவளின் கழுத்து அவளைக் கேட்காமலே அசைந்தது. எழுபது பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள்.

கை தட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரே கூட்டம். தாடி நேராகப் பெரியவளிடம்தான் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மேடம், உங்க தைரியம் யாருக்கு வரும்? மூணாவது தடவை முடிஞ்சுதுன்னு எனக்கே லேசாத் தோணுச்சு. உங்களைப் பாத்தா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்தப் பொண்ணுக்குள்ள இன்னும் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கூடப் பொறந்தவங்களே இப்படி விட்டுக் குடுக்க மாட்டாங்க."

பெரியவள் என்னவோ முனகினாள். அதற்குள் சின்னவள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அக்கா, நீங்க தலையாட்டாம இருந்தப்ப ஒரு நிமிஷம் செத்துட்டேன். திரும்பி உங்க முகத்தைப் பாத்தேன். அப்படியே அசையாம இருந்தீங்க. நீ போ, பாத்துக்கலாம்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. என்னை யாருமே இவ்வளவு நம்பினதில்லக்கா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. சுற்றிலும் ஆள் இருந்தார்கள். எல்லோரும் இவளைத்தான் பார்த்தார்கள், அன்றைக்கு முதல் தடவையாக. பெரியவள் சின்னவளின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாதா உன்னை," என்றாள்.

தாடி தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரம் பெரிய அரங்கம். அங்கயும் இதே மாதிரி வாண்டு இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். ஆனா நேரம் இடிக்குது மேடம். அதனால அந்த எட்டு பாரை எடுத்துடலாம்னு பாக்கறேன். வேற யாராவதா இருந்தா கேக்கவே தயங்குவேன். நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தன்மை என்று பேர் வாங்கி முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அதுக்கென்ன," என்றாள் பெரியவள். "எடுத்துடுங்க."

வீடு திரும்பும்போது பல் டாக்டர் காரை ஓட்டினான். வாண்டு முன் இருக்கையில், வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அன்று பிறந்த கோர்வையை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் மாமியாரும் பெரியவளும். ஒரு சிக்னலில் கார் நின்றது.

"வாண்டு முதல்ல வாசிச்ச கோர்வை," என்றாள் மாமியார், பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "மூணாவது தடவை சுத்தமா வந்து உக்காந்துதேம்மா. வெறுமே கேக்கற எனக்கே தெரிஞ்சுது. உனக்குத் தெரியாமப் போச்சா?"

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் வம்பு.

கவனிக்கவில்லை அத்தை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு வார்த்தை. யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, வாங்கிய பேரும் நிற்கும். பெரியவள் அந்த வார்த்தையை நாக்குவரை கொண்டும் வந்தாள். வெளியே வர மறுத்தது. பட்டப்பகல் போலத் தெரிந்த ஒரு கோர்வையைத் தவறவிட்டவள் என்று, அதுவும் கதவைச் சாத்தச் சொன்ன இந்த மனுஷி, காலத்துக்கும் தன்னை நினைக்கவேண்டுமா? எட்டு பாரும் போய்விட்டது. கேட்கத் தெரிந்த காது ஒன்றுதான் மிச்சம், அதையும் தானே இல்லை என்று சொல்வதா? பொல்லாதவள் என்று பேர் வாங்கலாம், பரவாயில்லை. தாளம் தெரியாதவள் என்று மட்டும் வாங்க முடியாது.

"தெரிஞ்சுது அத்தை," என்றாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "நல்லாவே தெரிஞ்சுது."

முன் இருக்கையில் முணுமுணுப்பு நின்றது. விளக்கு பச்சைக்கு மாறி, கார் கிளம்பி, அடுத்த தெரு திரும்பிய பிறகும் அது மறுபடி தொடங்கவில்லை.